சாண்டில்யனின் கடலும் ராமநாதபுரத்துக் கரையும்

சாண்டில்யனின் 'கடல் புறா' நாவலைப் படித்த கையோடு ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு இந்தக் கடல் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பாம்பன் பாலத்தில் நின்றால் வடக்கே பாக் நீரிணை அலையே இல்லாமல் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா கொஞ்சம் குமுறும். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வது வழக்கம். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் வடக்குக்கும் கோபம் வரும். மற்ற நாட்களில் கரையோரம் வெகுதூரம் நடந்தே போகலாம். அந்த நாவலின் நாயகன் கருணாகர தொண்டைமான் தன் மரக்கலத்தை இதற்குள் கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே தரைதட்டியிருக்கும்.

கப்பலைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதிய சரித்திர நாவலாசிரியர் சாண்டில்யன்தான். அவர் புத்தகங்களைத் தலைமுறை தலைமுறையாகப் படித்த கரைகளில் எங்கள் ராமநாதபுரக் கரையும் ஒன்று. ஆனாலும் அவருடைய பெரிய கடல் கதைகளைத் தேடினால் இந்தக் கரை அநேகமாகச் சிக்காது. கலிங்கத்துப் பாலூரில் தொடங்குவார், மலேயாப் பக்கத்துக் கடாரம் போவார், பூம்புகார் போவார், கொங்கணம் வரை போவார். தொண்டியையும் தேவிபட்டினத்தையும் ஒதுங்கிப் போய்விடுவார். ஏன் அப்படி, அவர் எப்படி எழுதினார், விதிவிலக்காக இந்தப் பக்கத்துச் சரித்திரம் எந்த நாவலில் வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சாண்டில்யனின் இயற்பெயர் பாஷ்யம். 1910 நவம்பர் 10ஆம் தேதி திருக்கோயிலூரில் பிறந்தார், 1987 செப்டம்பர் 11ஆம் தேதி மறைந்தார். குடும்பத்துக்கு மாயவரம் பக்கம் திருஇந்தளூர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர், சுதந்திரப் போராட்டக் காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தார். 'சுதேசமித்திர'னில் நிருபராகவும் உதவி ஆசிரியராகவும் வேலை பார்த்தார். சரித்திர நாவல் அவருக்குப் பிற்பாடு வந்ததுதான். முதலில் எழுதியது சமகால அரசியல் வாடை அடிக்கும் சமூகக் கதைகள். இடையில் சினிமாப் பக்கமும் போய் 'சுவர்க்க சீமா', 'என் வீடு' போன்ற படங்களின் திரைக்கதையில் பங்கெடுத்தார்.

இந்த இரண்டு தொழிலும் அவர் நாவலில் அப்படியே தெரிகின்றன. செய்தி எழுதிப் பழகிய கை என்பதால் ஆதாரம் காட்டாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. முன்னுரையில் கல்வெட்டைச் சொல்வார், அடிக்குறிப்பில் வரலாற்று ஆசிரியரைக் காட்டுவார், கதை சூடு பிடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்று "சரித்திர ஆசிரியர்கள் இப்படிச் சொல்கிறார்கள்" என்று ஒரு பத்தி எழுதிவிட்டுப் போவார். திரைக்கதையிலிருந்து வந்தது காட்சி வைக்கும் முறை. ஒரு அறை, ஒரு விளக்கு, வாசலில் ஒரு நிழல், கதாநாயகன் வாளை உருவுகிறான். படிக்கிறவனுக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில் குழப்பமே வராது.

அவரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது 'குமுதம்'. 'கன்னி மாடம்', 'யவன ராணி', 'கடல் புறா', 'ஜல தீபம்', 'ராஜ முத்திரை' எல்லாம் வாரத் தொடர்களின் காலம். தொடர் எழுதுவதற்கு மாதச் சம்பளம் வாங்கிய மிகச் சில எழுத்தாளர்களில் அவர் ஒருவர். பத்திரிகைக்கு அவர் எவ்வளவு வேண்டியிருந்தார் என்பதற்கு இதுவே போதும். ஓவியர் லதா வரைந்த படங்களுக்கும் அந்தப் புகழில் பாதிப் பங்கு கொடுக்க வேண்டும். பின்னால் 'கமலம்' என்று சொந்தமாக ஒரு பத்திரிகை நடத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. புத்தகங்களை வானதி பதிப்பகம் போட்டது, இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறது.

ராமேஸ்வரம் தீவுக்கு 1988 வரை சாலைப் பாலம் கிடையாது. வாரப் பத்திரிகையும் 1914இல் கட்டிய ரயில் பாலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். வந்த இதழ் ஒரு வீட்டோடு நிற்காது, தெருவையே சுற்றும். கடைசியில் தொடர் வந்த பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்ட் பண்ணுவார்கள். அப்படி ஒரு 'கடல் புறா' தொகுப்பைக் கீழக்கரையில் ஒரு வீட்டுப் பரணில் பார்த்திருக்கிறேன். முதுகில் காலிகோ துணி, பசை காய்ந்து வெடித்திருந்தது. அத்தியாயம் முடிகிற பக்கத்தின் பின்புறம் தலைவலி மாத்திரை விளம்பரம், அதற்குக் கீழே பாதியோடு நின்றுபோன ஒரு ஜோக். நடுவில் இரண்டு வாரத்துக் கதையைக் காணோம். அந்த இடத்தில் யாரோ கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் கதைச் சுருக்கம் எழுதி வைத்துத் தைத்திருக்கிறார்கள். அடுத்த ஆள் தவித்துப் போகக் கூடாதே என்ற கவலை.

இந்தத் தொகுப்பை ஒரே மூச்சில் படித்தால் சாண்டில்யனின் சூட்சுமம் பிடிபட்டுவிடும். அத்தியாயம் முடியும்போது கதாநாயகனின் தோளில் ஒரு கை விழும். யார் கை என்று தெரிய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் எடுத்தால் கையைக் காணோம், நிலவு வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். மேகம் நிலவை மறைத்தது, விலகியது, காற்று வீசியது, மரக்கிளை நாணியது என்று ஒரு பக்கம் போன பிறகுதான் கைக்கு வருவார். வாராவாரம் படித்தவர்களுக்கு இது ருசி. மூன்று பாகத்தையும் வரிசையாகப் படிக்கிறவனுக்கு ஐம்பதாவது நிலவில் அலுப்புத் தட்டும். நான் அந்த வர்ணனைகளைத் தாண்டிப் போகிற கட்சி. ஆனால் அவற்றுக்காகவே படித்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். இயற்கையையும் பெண்ணையும் ஒன்றாகக் குழைத்து எழுதிய அந்தப் பத்திகளால்தான் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் அந்தப் பைண்டிங்குகள் இருந்தன. பரணுக்குப் போனதன் காரணமும் அதுவே.

சரி, கதையை எங்கிருந்து எடுத்தார்?

அவர் எழுத வந்தபோது தமிழ்நாட்டுச் சரித்திரம் புத்தகமாகி அதிக காலம் ஆகவில்லை. நீலகண்ட சாஸ்திரியின் பாண்டியர் வரலாறு 1929இல் வந்தது, சோழர் வரலாறு முப்பதுகளின் நடுவில் வந்தது. சதாசிவ பண்டாரத்தார் தமிழிலேயே பாண்டியர் வரலாற்றையும் பிற்காலச் சோழர் சரித்திரத்தையும் எழுதினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார். ரோமானிய ஜாடிகள் கிடைத்து, யவனர் வந்து போனது வெறும் பாட்டில்லை, நடந்த விஷயம் என்று ஆனது. அந்தச் சூட்டோடு எழுதப்பட்டதுதான் 'யவன ராணி'. கரிகாலன் பட்டம் ஏறுவதற்கு முன் நடந்த குழப்பமும் வெண்ணிப் போரும் பழைய பாட்டுகளில் இருக்கின்றன. பூம்புகாரில் யவனர் குடியிருப்பு இருந்ததும் இருக்கிறது. இல்லாதது ஒரு ராணி. புகார்க் கடற்கரையில் மயங்கிக் கிடக்கிற ஒரு யவனப் பெண்ணைப் படைத்தலைவன் இளஞ்செழியன் காண்பதில் தொடங்கி மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டார். பருவக்காற்றைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலோட்ட வழி கண்டதாகக் கிரேக்கர்கள் சொல்லும் ஹிப்பலாஸின் பெயரையும் விடவில்லை, அதை ஒரு பாத்திரத்துக்கு வைத்தார்.

'கடல் புறா'விலும் இதே வேலைதான். கருணாகர தொண்டைமானை நமக்குத் தெரிவது கலிங்கத்துப் பரணியால். குலோத்துங்கனின் படையை நடத்திக் கலிங்கத்தை வென்றவன். அதற்கு முன் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? யாருக்கும் தெரியாது. குலோத்துங்கன் (நாவலில் அநபாயன்) பட்டத்துக்கு வருமுன் எங்கெங்கே திரிந்தான் என்பதும் சரித்திரத்தில் மங்கலான இடம். வீரராஜேந்திரன் காலத்தில் சோழர் கடாரத்தில் தலையிட்டது மட்டும் கல்வெட்டில் உறுதியாக இருக்கிறது. ஒரு உறுதியான வரி, அதன் இரண்டு பக்கமும் வெற்றிடம். சாண்டில்யன் விரும்பிப் போய் உட்காரும் இடம் எப்போதும் இதுதான். எல்லாம் தெரிந்த மன்னனை அவர் நாயகனாக்குவது குறைவு. பெயர் மட்டும் மிஞ்சிய தளபதி, உபதளபதி, இளவரசன், அல்லது கற்பனை வீரன் ஒருவன்தான் அவருக்குத் தோது.

சுமார் ஐம்பது நாவல்கள் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. சோழர் கதை மட்டும் எழுதியவர் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது, அது சரியில்லை. 'மலைவாசல்' ஸ்கந்தகுப்தன் காலத்து ஹூணர் படையெடுப்பைப் பற்றியது, 'ஜீவபூமி' ராஜபுத்திரர் கதை, 'ராஜ பேரிகை' ராபர்ட் கிளைவ் காலம். 'மன்னன் மகள்' ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பு, 'ராஜ திலகம்' பல்லவர் சாளுக்கியர் போர், 'மூங்கில் கோட்டை' சங்ககாலப் பாண்டியன், 'சேரன் செல்வி' ரவிவர்ம குலசேகரன். 'ஜல தீப'த்தில் தஞ்சாவூரிலிருந்து இதயசந்திரன் என்ற வாலிபனைக் கொங்கணக் கரைக்கு அனுப்பி, மராட்டியக் கடற்படைத் தலைவன் கனோஜி ஆங்கரேயின் கப்பலில் ஏற்றிவிடுவார். என் கணக்கில் கடல் நாவல்களில் அதற்குத்தான் முதலிடம். 'கடல் புறா'வில் கப்பலுக்கு அழகு இருக்கிறது. 'ஜல தீப'த்தில் மாலுமிகளுக்கு வேலை இருக்கிறது.

அவருடைய பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அநேகமாக இரண்டு நாயகிகள் இருப்பார்கள். 'யவன ராணி'யில் பூவழகியும் ராணியும், 'கடல் புறா'வில் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும். நாயகன் ஒருத்தியிடம் சத்தியம் செய்துவிட்டு இன்னொருத்தியின் கண்ணைப் பார்த்துத் தடுமாறுவான். ஆசிரியர் அதை மன்னித்துவிடுவார். இன்றைக்குப் படிக்கிற பெண்களுக்கு எரிச்சல் வந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உள்ளூர்க் குலமகளைவிடக் கடல் தாண்டி வந்தவளுக்குத்தான் மூளையும் முடிவெடுக்கும் துணிவும் அதிகம் கொடுத்திருப்பார். பூவழகியின் வசனம் எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. ராணி வந்து நின்றால் அந்த அத்தியாயம் அவளுடையது.

நம் கரை வருகிற கதை

ராமநாதபுரக் கரைக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள சரித்திரத்தை அவர் தொட்டது 'கன்னி மாட'த்தில். அபராஜிதன், கார்குழலி காதல் முன்னால் நிற்கும். பின்னால் ஓடுவது 12ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வாரிசுச் சண்டை. அந்தச் சண்டையைத் தெரிந்துகொண்டு நாவலைப் படித்தால் ருசியே வேறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதுரை யாருக்கு என்று பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் தகராறு. குலசேகரன் மதுரையை முற்றுகையிட, பராக்கிரமன் இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி வந்து சேருமுன் மதுரை விழுந்து, பராக்கிரம பாண்டியன் குடும்பத்தோடு கொல்லப்பட்டான். மகன் வீரபாண்டியன் மட்டும் மலைநாட்டுப் பக்கம் தப்பினான். இலங்கைப் படை திரும்பிப் போகவில்லை. தண்டநாயகன், அதாவது படைத்தலைவன், இலங்காபுரனின் தலைமையில் கடல் தாண்டி வந்து ராமேஸ்வரத்தைப் பிடித்தது. 1170ஐ ஒட்டிய காலம் இது.

அடுத்து அவர்கள் பிடித்த இடத்தை இலங்கையின் பழைய சரித்திர நூலான சூளவம்சம் குந்துகால என்கிறது. பாம்பனிலிருந்து தெற்கே போனால் குந்துகால் இன்றைக்கும் அதே பெயரில் இருக்கிறது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம் என்று நினைவு மண்டபம் கட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் ஆழ்கடல் படகுகளுக்கு மீன் இறங்குதளம். சுற்றுலா பஸ்கள் மண்டபத்தோடு திரும்பிவிடும். இலங்காபுரன் இங்கே மதிலும் அகழியுமாகக் கோட்டை எழுப்பி, தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயர் வைத்ததாகவும், அகழியில் ஒரு கடலின் நீர் மறு கடலுக்குப் பாய்ந்ததாகவும் அந்த நூல் சொல்கிறது. தீவின் இந்த ஒடுங்கிய முனையைப் பார்த்தவர்களுக்கு அந்த அகழி மிகையாகத் தோன்றாது. சிறைபிடித்த தமிழர்களை இலங்கைக்கு அனுப்பி, முன்பு தமிழ்ப் படைகள் இடித்த ரத்னமாலி என்ற பௌத்த தூபியைப் பழுது பார்க்க வைத்தார்கள் என்பதும் அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கத்துச் சாட்சி இங்கிருந்து வெகுதூரத்தில், காஞ்சிபுரத்துக்குப் பக்கம் ஆர்ப்பாக்கம் கோயில் கல்வெட்டில் கிடக்கிறது. ஈழப்படை பாண்டிநாட்டைப் பிடித்து, தொண்டி, பாசிப் பக்கங்களில் சோழச் சாமந்தர்களோடு (சோழருக்கு அடங்கிய சிற்றரசர்களோடு) மோதத் தொடங்கியது என்று கேட்டு, அப்படி ஒரு சிற்றரசனான எதிரிலிசோழச் சம்புவராயன் பயந்து உமாபதிதேவர் என்ற ஞானசிவரிடம் ஓடினான். ராமேஸ்வரம் கோயில் கதவை அடைத்துப் பூஜையை நிறுத்தியவர்கள் அழியட்டும் என்று அவர் 28 நாள் வழிபாடு செய்தார். ஈழப்படை தோற்றது என்று சேதி வர, ஆர்ப்பாக்கத்தை அவருக்கே தானமாகக் கொடுத்துவிட்டான் சம்புவராயன். பாசி என்பது தொண்டிக்கு வடக்கே இருக்கும் இன்றைய பாசிப்பட்டினம் என்பது வரலாற்றாசிரியர்கள் கணிப்பு. தொண்டியில் கலவரம் நடந்தால் காஞ்சிபுரத்தில் தூக்கம் போகிற அளவுக்குப் பெரிய போர் என்பது இதிலிருந்து விளங்கும்.

முடிவு என்ன என்பதில்தான் வேடிக்கை. சூளவம்சத்தைப் படித்தால் இலங்காபுரன் போன இடமெல்லாம் வெற்றி. சோழர் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைப் படித்தால், இரண்டாம் ராஜாதிராஜனின் தளபதி பல்லவராயர் ஈழப்படையை முறியடித்து, இலங்காபுரன், ஜகத்விஜயன் என்ற இரு தண்டநாயகர்களின் தலைகளையும் மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து வைத்தார். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சோழர் தயவில் மதுரைக்கு வந்த குலசேகரன் கொஞ்ச நாளில் இலங்கையோடு கைகோத்தான். அந்தத் தலைகளையும் வாசலிலிருந்து எடுக்கச் சொன்னான். கோபம் கொண்ட சோழர்கள் அவனை விட்டுவிட்டு, முன்பு இலங்கை ஆதரித்த வீரபாண்டியனையே தூக்கி மதுரையில் உட்கார வைத்தார்கள். நேற்று வரை எதிரி, இன்றைக்கு நம் ஆள்.

ஒரு தொடர்கதை ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? சாண்டில்யன் இதைச் சரியாக மோப்பம் பிடித்தார் என்பது அவர் திறமை. இந்தப் போரின் கடற்கரைப் பாதியை அவர் போதிய அளவு எழுதவில்லை என்பது என் குறை. மதுரையும் கோட்டையும் அந்தப்புரமும் அவர் கைக்குப் பழகியவை. குந்துகால் மணலில் கல் சுமந்தவன் கதை அவர் எழுதுகிற கதை இல்லை. அவர் கதைக்கு வாள் பிடித்த கை வேண்டும்.

'ராஜ முத்திரை'யில் இன்னொரு வழியாக எங்களுக்குப் பக்கத்தில் வருகிறார். 13ஆம் நூற்றாண்டு, சடையவர்மன் சுந்தரபாண்டியன் காலம், அவன் தம்பி வீரபாண்டியன்தான் நாயகன். கொற்கையின் முத்தைச் சேரன் வீரரவி கவர்ந்தான் என்பதில் சண்டை பிறக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிலாபத்துக்குக் கொற்கை ஒரு வாசல் என்றால் எங்கள் கரை இன்னொன்று. பின்னாளில் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளுக்கே முத்துக்குளிப்பில் படகு உரிமை இருந்தது. முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டாலும் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாவலில் முத்து அரசாங்கக் கஜானாவிலிருந்து காணாமல் போகும் பொருளாகத்தான் வரும். மூச்சடக்கி அதை எடுத்தவன் தலைகாட்டுவதே இல்லை. தொண்டிக்கு வடக்கே சுந்தரபாண்டியன்பட்டினம் என்று ஒரு ஊரே இருக்கிறது. பஸ் போர்டில் எஸ்.பி. பட்டினம்.

எத்தனை பாகம் தண்ணீர்

பாம்பனில் வள்ளம் ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவரிடம் 'கடல் புறா' பற்றிப் பேச்சு வந்தது. இளவயதில் படித்தவர், பாதிக் கதை இன்னும் நினைவிருக்கிறது. "கதை கெடக்கட்டும் தம்பி, நல்லாத்தான் எழுதிருக்காரு. அந்தக் கப்பலுக்கு எத்தனை பாகம் தண்ணி வேணும்னு எங்கயாச்சும் சொல்லிருக்காரா?" என்று கேட்டார். இரண்டு கையையும் விரித்த அளவு ஒரு பாகம், ஆழத்துக்கு அதுதான் இங்கே அளவு. எனக்குப் பதில் தெரியவில்லை.

கேள்வி சாதாரணமானதில்லை. பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல் திட்டுகளின் மேல் பல இடத்தில் ஒன்றிரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். பாம்பன் வாய்க்காலையே 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பாறையை உடைத்து ஆழப்படுத்தித்தான் சிறு கப்பல்கள் போக வழி செய்தார்கள். பெரிய மரக்கலம் என்றால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இங்கே ஓடியது தோணியும் வத்தையும் வள்ளமும். சரக்கு மாற்றுவது, ஆள் கடத்துவது, அரிசி மூட்டை, கருவாடு, குதிரை, படைவீரன் எல்லாம் அதில்தான். புறா வடிவில் இறக்கை விரித்து, பாய் பாயாக எழும்பி நிற்கும் ஒரு கப்பலுக்கு இங்கே இடம் இல்லை. சாண்டில்யனின் நாயகர்களுக்கு ஆழக்கடல் வேண்டும், தப்பித்து ஓட எல்லையில்லாத வெளி வேண்டும். இங்கே எல்லாம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவர் இந்தக் கரையைத் தாண்டிப் போனதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

காற்று விஷயமும் அப்படித்தான். சோழமண்டலக் கரையிலிருந்து கடாரம் போக தென்மேற்குக் காற்று வேண்டும், திரும்பி வர வாடை வேண்டும். நடுவில் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கவேண்டும். பழைய துறைமுகங்களில் வெளியூர் வணிகர் குடியிருப்புகள் உண்டானதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். வாரத் தொடரில் கதாநாயகனை நாலு மாதம் சும்மா உட்கார வைக்க முடியுமா? ஆகவே காற்று அவனுக்கு வேண்டிய திசையில் வேண்டிய நேரத்தில் அடிக்கும். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

அவர் எழுதிய பிறகு மண்ணுக்குள்ளிருந்து வந்த சில விஷயங்களும் உண்டு. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் அழகன்குளம். தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே 1986–87இல் தோண்டத் தொடங்கியது. மத்தியதரைக்கடல் பகுதி மதுச்சாடித் துண்டுகள், ரோமானியக் காசுகள், கப்பல் கீறிய ஒரு பானை ஓடு எல்லாம் வந்தன. அந்த ஓட்டுக் கப்பலுக்கு யவனக் கப்பலின் சாயல் உண்டு என்று சொல்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சாண்டில்யன் கண்மூடிய 1987ஐ ஒட்டித்தான் பெரியபட்டினத்திலும் அகழாய்வு நடந்து குவியலாகச் சீனப் பீங்கான் ஓடுகள் வெளிவந்தன. யவனர், சீனர் இரண்டு பேரும் அவர் நாவலில் முக்கியமானவர்கள். இருபது வருஷம் முன்னால் இது தெரிந்திருந்தால் இளஞ்செழியன் ஒருநாளாவது வைகை முகத்துவாரத்தில் இறங்கியிருப்பான்.

கீழக்கரையில் 'கடல் புறா'வுக்கு இருந்த தனிச் செல்வாக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குறுவாள் எறிவதில் கைதேர்ந்த அரபு அமீர் அதில் கருணாகரனின் கூடவே வருகிறார். நகைச்சுவைக்கும் உயிர் காப்பதற்கும் அவர்தான். அரபு நாட்டோடு ஆயிரம் வருஷத் தொடர்புள்ள ஊரில், தங்கள் முன்னோர் சாயலுள்ள ஒருவர் சோழர் கதையில் நல்லவராக, முக்கியமானவராக வந்தது பெரிய விஷயம். பிள்ளைகளுக்குக் கருணாகரன் என்றும் இளஞ்செழியன் என்றும் பெயர் வைத்த வீடுகளும் இந்தக் கரையில் உண்டு.

ஆனால் இந்த ஊரின் சொந்தக் கதையை அவர் எழுதவில்லை, அவருக்குப் பிறகும் அந்த அளவில் யாரும் எழுதவில்லை. 17ஆம் நூற்றாண்டின் கடைசி. ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி, கீழக்கரையில் உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி, தூத்துக்குடியில் முத்தையும் சங்கையும் தங்கள் கைக்குள் கொண்டுவரத் துடிக்கும் டச்சுக் கம்பெனி. சேதுபதி ஒப்பந்தம் போடுவார், முறிப்பார், திரும்பப் போடுவார். கப்பல் இருக்கிறது, போர் இருக்கிறது, பணம் இருக்கிறது, புலவரும் இருக்கிறார்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு: எல்லோரும் சொல்கிறார்கள் என்று மூன்று பாக 'கடல் புறா'வில் கை வைக்க வேண்டாம். 'கன்னி மாடம்' ஒரே பாகம். பக்கத்தில் பண்டாரத்தாரின் பாண்டியர் வரலாற்றில் இந்த வாரிசுப் போர் வரும் பகுதியை வைத்துக்கொண்டு படியுங்கள், எது கல்வெட்டு, எது சாண்டில்யன் என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு விளையாட்டு. அது பிடித்திருந்தால் 'ராஜ முத்திரை', அப்புறம் 'ஜல தீபம்'. நிலவு வர்ணனை வந்தால் தாண்டிப் போகலாம், கதையில் ஒன்றும் குறையாது. மாவட்ட நூலகத்தில் கேட்டால் அநேகமாக யாராவது எடுத்துப் போயிருப்பார்கள், பெயரை எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.